வளர்ப்பு மீன்களின் நலனுக்கான செயல்பாட்டுத் தீவனச் சேர்க்கைகள்: வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் பகுதியை முன்வைத்து

செயல்பாட்டுத் தீவனச் சேர்க்கைகள் என்பவை மீனின் அடிப்படை ஊட்டத் தேவையை நிறைவு செய்வதற்காக அல்லாமல், செரிமானம், நோய் எதிர்ப்பு, அழுத்தம் தாங்கும் திறன் போன்ற உடற்செயல்களை மேம்படுத்துவதற்காகத் தீவனத்தில் சிறிய அளவில் கலக்கப்படும் பொருட்கள் ஆகும். நன்மை செய்யும் நுண்ணுயிரிகள், ஈஸ்ட்டின் செல்சுவர்ப் பொருட்கள், கரிம அமிலங்கள், நொதிகள், மூலிகைகள், வைட்டமின்கள், பூஞ்சை நச்சுப் பிணைப்பிகள் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. ஆன்டிபயாடிக் மருந்துகளின் பயன்பாட்டைக் குறைக்க வேண்டிய கட்டாயம் உலகெங்கும் ஏற்பட்டதால், கடந்த முப்பது ஆண்டுகளில் இவற்றின் பயன்பாடு பெருகியுள்ளது.

பாலாற்றுப் படுகையில் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இந்தியத் தோல் தொழிலின் முதன்மை மையங்களுள் அடங்கும். இப்பகுதியின் ஏரிகளிலும் பண்ணைக் குட்டைகளிலும் மீன் வளர்ப்பவர்களுக்குத் தீவனச் சேர்க்கை பற்றிய கேள்வி மற்ற இடங்களைவிடச் சிக்கலானது. சேர்க்கையாகப் பேசப்படும் குரோமியமும் தாவரத் தானின்களும் இங்கு தோல் பதனிடும் பொருட்களாகவும் இருப்பதே இதற்குக் காரணம்.

பின்னணி

2019-ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரம் வழியாக இம்மாவட்டங்களுக்குள் நுழைகிறது. ஆண்டின் பெரும் பகுதியில் ஆறு வறண்டு கிடப்பதால், விவசாயமும் மீன் வளர்ப்பும் ஏரி நீரையும் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பியுள்ளன. காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெரிய ஏரிகளிலும், குடியாத்தம் அருகே உள்ள மோர்தானா அணையிலும், தனியார் குட்டைகளிலும் மீன் உற்பத்தி நடைபெறுகிறது. கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை, புல் கெண்டை ஆகியவை தமிழக உள்நாட்டு மீன் வளர்ப்பின் வழக்கமான இனங்கள். அண்மைக் காலத்தில் திலேப்பியாவும் சேர்ந்துள்ளது.

தோல் பதனிடுதல் இப்பகுதியில் முன்பு ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருட்களைக் கொண்டு நடந்தது. 1970-களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்த பின், முழுமையாகப் பதனிட்ட தோல் உற்பத்தி பெருகியது. அதனுடன் குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறையும் பரவியது. கழிவு நீர் பாலாற்றுப் படுகையின் நிலத்தையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே இழப்பை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு கூறியது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக ஓர் ஆய்வு கண்டறிந்ததையும் அது குறிப்பிட்டது. இழப்பீடு, மறுசீரமைப்பு தொடர்பாக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் விரிவான ஆணைகளைப் பிறப்பித்தது. மீன் வளர்ப்புக்கான நீரும் இதே படுகையிலிருந்துதான் கிடைக்கிறது.

சேர்க்கைகளின் வகைகளும் செயல்படும் முறையும்

நன்மை செய்யும் நுண்ணுயிரிகள்: பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிபார்மிஸ், லாக்டோபேசில்லஸ் இனங்கள், ஈஸ்ட் ஆகியவை அதிகம் பயன்படுகின்றன. இவை குடலின் உட்சுவரில் இடம்பிடித்து, நோய்க்கிருமிகள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கின்றன. செரிமான நொதிகளைச் சுரக்கின்றன. மீனின் எதிர்ப்பு மண்டலத்தையும் தூண்டுகின்றன. 1986-இல் ஜப்பானில் மஞ்சள்வால் மீன்களின் தீவனத்தில் பேசில்லஸ் வித்துகள் கலக்கப்பட்டது, மீன் வளர்ப்பில் இவ்வகைப் பயன்பாட்டின் தொடக்ககாலச் சான்றாகக் கருதப்படுகிறது. வித்து நிலையில் உள்ள பேசில்லஸ், தீவன ஆலையின் வெப்பத்தை ஓரளவு தாங்கும். லாக்டோபேசில்லஸ் அவ்வாறு தாங்காது. எனவே அதைத் தயாரான தீவனத்தின் மேல் பூசித்தான் கொடுக்க வேண்டும்.

முன்னுயிரிகளும் பீட்டா குளுக்கனும்: இனுலின், மன்னான் ஒலிகோசாக்கரைடு போன்றவற்றை மீனால் செரிக்க முடியாது, குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளுக்கே அவை உணவாகின்றன. இவை முன்னுயிரிகள் (பிரிபயாடிக்) எனப்படும். ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து கிடைக்கும் பீட்டா குளுக்கன் வேறு வழியில் செயல்படுகிறது. அதைப் பூஞ்சையின் உடல் பகுதியாகவே மீனின் வெள்ளணுக்கள் அடையாளம் காண்கின்றன. கிருமி இல்லாமலேயே எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. ஆயினும் தொடர்ந்து பல மாதங்கள் கொடுத்தால் தூண்டுதலின் விளைவு மங்கிவிடும். அதனால் விரலிகளை இருப்புச் செய்யும் நாட்கள், பருவம் மாறும் நாட்கள் என நோய் வாய்ப்புள்ள காலத்தை ஒட்டி, சில வாரங்கள் மட்டும் கொடுப்பது வழக்கம்.

கரிம அமிலங்களும் நொதிகளும்: கெண்டை இன மீன்களுக்கு இரைப்பை கிடையாது, அமிலம் சுரக்கும் பகுதியே அவற்றின் உணவுப் பாதையில் இல்லை. தவிடு, புண்ணாக்கு போன்ற தாவரப் பொருட்களில் உள்ள பாஸ்பரசின் பெரும் பகுதி பைட்டிக் அமிலமாகக் கட்டுண்டு இருப்பதால், கெண்டைக்கு அது கிடைப்பதில்லை. கழிவாக நீரில் சேர்ந்து பாசியைப் பெருக்குகிறது. பைட்டேஸ் என்ற நொதி இக்கட்டை உடைக்கிறது. மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் ரோகு குஞ்சுகளில் நடந்த ஆய்வு ஒன்றில், பைட்டேஸும் சிட்ரிக் அமிலமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது எலும்பில் தாது படிவது மேம்பட்டது தெரியவந்தது. அதன் முடிவுகள் 2005-இல் வெளியாயின. தாவரப் பொருட்களையே பெரிதும் நம்பும் கெண்டைத் தீவனத்துக்கு இது மிகவும் பொருந்தும் சேர்க்கை ஆகும்.

மூலிகைகள்: பூண்டு, மஞ்சள், துளசி, கீழாநெல்லி, நாயுருவி போன்றவை ஆய்வு செய்யப்பட்டுள்ளன. நாயுருவி விதையும் பூண்டும் தனித்தனியே சேர்க்கப்பட்ட தீவனங்களை உண்ட ரோகு மீன்கள், ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா கிருமித் தொற்றிலிருந்து கூடுதலாகப் பிழைத்ததை இந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. மூலிகைகளின் குறை, அவற்றின் தரம் ஒரே சீராக இல்லாததே. விளைந்த இடம், பறித்த பருவம், உலர்த்திய முறை ஆகியவற்றைப் பொறுத்து வீரியம் மாறும்.

வைட்டமின்கள்: பெரும்பாலான எலும்பு மீன்களால் வைட்டமின் சி-யைத் தம் உடலில் தயாரிக்க முடியாது. பற்றாக்குறை ஏற்பட்டால் முதுகெலும்பு வளையும். புண் ஆறத் தாமதமாகும். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் சேமிப்பில் விரைவில் சிதைவதால், பாஸ்பேட்டுடன் இணைந்த நிலையான வடிவம் தீவன ஆலைகளில் பயன்படுகிறது. வைட்டமின் ஈ-யும் செலினியமும் செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கின்றன.

பூஞ்சை நச்சுப் பிணைப்பிகள்: பழைய வடாற்காடு நிலக்கடலை விளையும் பகுதி. கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் கலந்து கெண்டைக்குக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். ஈரம் பட்ட புண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வளர்ந்து அப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்கு கலந்த தீவனத்தை உண்ட பெருந்தொகையான வான்கோழிகள் இறந்தபோதுதான் இந்நச்சு கண்டறியப்பட்டது. மீனில் இது ஈரலைத் தாக்கும். பென்டோனைட் போன்ற களிமண் பொருட்கள் குடலிலேயே நச்சைப் பற்றிக்கொண்டு கழிவுடன் வெளியேற்றுகின்றன. எனினும் பூசணம் பிடித்த புண்ணாக்கைப் பிணைப்பி நல்ல தீவனமாக்கிவிடாது. உலர்ந்த இடத்தில், தரையில் படாமல் பலகை மேல் மூட்டைகளை அடுக்குவதே முதல் பாதுகாப்பு.

தானின்: பதனிடும் பொருளும் சேர்க்கையும்

தானின் புரதத்துடன் இறுக்கமாகப் பிணையும் தாவரப் பொருள். தோலின் கொலாஜன் புரதத்தை அழுகாமல் காப்பது இப்பண்பே. அதே பண்பு மீனின் குடலில் தீவனப் புரதத்தையும் செரிமான நொதிகளையும் பிணைக்கும். இதனால் தானின் பொதுவாக ஊட்டத் தடைப்பொருளாகவே கருதப்படுகிறது.

எல்லாத் தானின்களும் ஒன்றல்ல. கடுக்காயில் இருப்பது நீரால் பகுபடும் வகை. ஆவாரம்பட்டையிலும் வாட்டில் பட்டையிலும் இருப்பது செறிந்த வகை. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், தீவனத்தில் 2 சதவீதம் டானிக் அமிலம் (பகுபடும் வகை) கொடுக்கப்பட்ட சாதாக் கெண்டைகள் நான்கு வாரங்களுக்குப் பின் தீவனத்தை ஒதுக்கத் தொடங்கின. அதே அளவு கெப்ராச்சோ மரத் தானின் (செறிந்த வகை) அத்தகைய தீங்கைக் காட்டவில்லை. மிகக் குறைந்த அளவில் சில தானின்கள் குடல் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் என்பதால், அவை கால்நடைத் தீவனச் சேர்க்கையாகவும் விற்கப்படுகின்றன. மருந்துக் குணம் உள்ளது என்பதற்காகக் கடுக்காய்த் தூளைக் கைப்பிடி அளவில் கலப்பது மீனைப் பட்டினி போடுவதற்கு ஒப்பானது.

குரோமியம்: ஒரு மில்லிகிராமும் ஓராயிரமும்

மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம், குறிப்பாகக் குரோமியம் பிகோலினேட், கெண்டைத் தீவனத்தில் மாவுச்சத்தின் பயன்பாட்டை மேம்படுத்துமா என்று ஆராயப்பட்டுள்ளது. சாதாக் கெண்டையிலும் ரோகுவிலும் நடந்த ஆய்வுகளில், கிலோ தீவனத்துக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவான அளவே பயன் தந்தது. சாதாக் கெண்டையில் 2 மில்லிகிராம் அளவிலேயே வளர்ச்சி குறையத் தொடங்கியது. மனிதருக்குக் குரோமியம் இன்றியமையாத சத்து என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014-இல் முடிவு செய்தது. ஆக, குரோமியம் சேர்க்கை என்ற நிலையிலும் இன்னும் விவாதத்தில் இருக்கும் பொருளே.

பதனிட்ட தோலைச் சீவும்போது விழும் குரோம் சீவலின் கணக்கு முற்றிலும் வேறு. சீவலில் குரோமியம் ஆக்சைடு 3 சதவீதம் என்று கொண்டால், ஒரு கிலோ சீவலில் ஏறத்தாழ 20 கிராம் குரோமியம் இருக்கும். தீவனத்தில் இதை 5 சதவீதம் மட்டும் கலந்தாலும், கிலோ தீவனத்தில் 1,000 மில்லிகிராம் குரோமியம் சேரும். ஆய்வுகள் பயனுள்ளதாகக் கண்ட அளவைவிட இது ஆயிரம் மடங்குக்கும் மேல்.

தோல் கழிவு தீவனமாகுமா?

மீன் உற்பத்திச் செலவில் பாதிக்கும் மேல் தீவனத்துக்கே போகிறது. அதிலும் விலை உயர்ந்தது புரதம். தோல் ஆலைகளிலோ புரதக் கழிவு மலைபோல் குவிகிறது. இரண்டையும் இணைக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. இங்கு இரு வகைக் கழிவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பதனிடுவதற்கு முன் தோலின் உட்புறத்திலிருந்து சுரண்டி எடுக்கப்படும் சதைக் கழிவு. இதில் குரோமியம் சேர்ந்திருக்காது. ஆனால் சுண்ணாம்பும் சல்பைடும் இருக்கும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், சுண்ணாம்பு நீக்கிய சதைக் கழிவை லாக்டிக் அமில பாக்டீரியாக்களைக் கொண்டு நொதிக்க வைத்துப் புரதத்தையும் கொழுப்பையும் பிரித்தெடுக்கும் முறைகளை ஆராய்ந்துள்ளனர். ஆயினும் கொலாஜனில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இல்லை, மெத்தியோனினும் குறைவு. எனவே கழிவு முறையாகச் சுத்திகரிக்கப்பட்டாலும், மீன் தூளுக்கோ சோயாவுக்கோ அது முழு மாற்று ஆகாது. ஒரு பகுதியாக மட்டுமே பயன்படக்கூடும்.

இரண்டாவது, குரோம் ஏறிய சீவலும் வெட்டுத் துண்டுகளும். புரதத்தை நொதிகளால் சிதைக்க முடியாதபடி இறுக்குவதே பதனிடுதலின் நோக்கம். ஆகவே அதிலுள்ள புரதமும் மீனுக்கு எளிதில் செரிக்காது. கிடைப்பது உலோகம் மட்டுமே. டாக்காவின் ஹசாரிபாக் பகுதியில் இத்தகைய கழிவிலிருந்து கோழி, மீன் தீவனம் தயாரிக்கப்பட்டதை அடுத்து, அதை நிறுத்துமாறு வங்கதேச உயர் நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டது. மலிவான, பெயரில்லாத மூட்டையில் வரும் 'புரதத் தூள்' எங்கிருந்து வந்தது என்று கேட்பது தோல் தொழில் பகுதியின் பண்ணையாளருக்கு மிகவும் அவசியம்.

நீரைச் சேர்க்கையால் திருத்த முடியாது

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிடப்படுவதால், தோல் ஆலைக் கழிவு நீரில் கரைந்த உப்புகள் மிகுதி. அதோடு சல்பைடும், அம்மோனியாவாக மாறும் நைட்ரஜனும் கலந்திருக்கும். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமியம் இரசாயன ஆலையின் வளாகத்தில் குவிக்கப்பட்ட, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவிலிருந்து ஆறு இணைதிறன் குரோமியம் நிலத்தடி நீரில் கசிந்தது. இவ்வடிவம் செவுள் வழியாக எளிதில் உடலுக்குள் புகும். செவுள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில் தசையைவிட அதிகமாகச் சேரும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

வைட்டமின் சி போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் உலோக நச்சின் சேதத்தை ஓரளவு குறைப்பதைச் சோதனைச் சாலை ஆய்வுகள் காட்டுகின்றன. இதில் ஒரு பொறி உண்டு. சேர்க்கையின் உதவியால் மீன் பிழைத்து எடை கூடினாலும், நீரிலுள்ள உலோகம் மறைந்துவிடுவதில்லை. இறந்து மிதக்கும் மீன் பண்ணையாளரை எச்சரிக்கும். உலோகத்தைச் சுமந்தபடி நலமாகத் தோன்றும் மீன் யாரையும் எச்சரிக்காமல் சந்தைக்குப் போகும். எனவே இப்பகுதியில் புதிதாகக் குட்டை வெட்டுபவர்கள் முதலில் செய்ய வேண்டியது நீர்ப் பரிசோதனை. கார அமில நிலை, மொத்தக் கரைந்த உப்பு, அம்மோனியா ஆகிய வழக்கமான சோதனைகளுடன் குரோமியத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குரோமியம் மிகுந்த நீருக்கு மருந்து எந்தத் தீவன மூட்டையிலும் இல்லை. அந்த இடத்தில் உண்பதற்கான மீன் வளர்க்காமல் இருப்பதே சரியான முடிவு.

பண்ணையில் பயன்படுத்தும் முறை

தேவையான சேர்க்கையைச் சிறிதளவு நீரிலோ, ஆறிய அரிசிக் கஞ்சியிலோ, சமையல் எண்ணெயிலோ கலந்து குருணைத் தீவனத்தின் மேல் சீராகப் பூசி, நிழலில் உலர்த்திய பின் கொடுக்கலாம். கஞ்சியோ எண்ணெயோ இல்லாவிட்டால் தீவனம் நீரில் பட்டவுடன் சேர்க்கை கரைந்துபோகும். வெயிலில் உலர்த்தினால் வைட்டமினும் உயிருள்ள நுண்ணுயிரிகளும் அழியும். ஆன்டிபயாடிக்கும் நுண்ணுயிரிச் சேர்க்கையும் ஒரே நேரத்தில் கொடுத்தால், முன்னது பின்னதைக் கொன்றுவிடும்.

ஒரு குட்டையில் மொத்தம் 1,000 கிலோ மீன் இருந்து, உடல் எடையில் 2 சதவீதம் தீவனம் இடப்பட்டால், நாளொன்றுக்கு 20 கிலோ தீவனம் தேவை. கிலோவுக்கு 5 கிராம் சேர்க்கை என்றால் நாளைக்கு 100 கிராம் போதும். அளவு கூடினால் பயன் கூடும் என்பது பீட்டா குளுக்கன், செலினியம், மூலிகைகள் எதற்கும் பொருந்தாது.

பயனை அளத்தல்

சேர்க்கை வேலை செய்ததா என்பதைத் தீவன மாற்று விகிதத்தைக் கொண்டு அறியலாம். ஒரு கிலோ மீன் எடை கூட எத்தனை கிலோ தீவனம் செலவானது என்பதே இவ்விகிதம். எடுத்துக்காட்டாக, கிலோ 45 ரூபாய் தீவனம் 1.8 விகிதத்தில் செலவானால், 1,000 கிலோ மீனுக்கு 81,000 ரூபாய் ஆகும். சேர்க்கையால் தீவன விலை 47 ரூபாயாகக் கூடி, விகிதம் 1.6 ஆகக் குறைந்தால் செலவு 75,200 ரூபாய். மிச்சம் 5,800 ரூபாய். விகிதம் 1.75 வரை மட்டுமே குறைந்தால் செலவு 82,250 ரூபாய். அதாவது 1,250 ரூபாய் இழப்பு. இதை அறிய, ஒரே அளவு இருப்புச் செய்த இரு குட்டைகளில் ஒன்றில் மட்டும் சேர்க்கையைக் கொடுத்து ஒப்பிட வேண்டும். எல்லாக் குட்டைகளிலும் ஒரே நேரத்தில் தொடங்கினால், பலன் மழையால் வந்ததா மருந்தால் வந்ததா என்று தெரியாது.

சட்டமும் வரம்புகளும்

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சி ஊக்கியாக ஆன்டிபயாடிக்குகளைத் தீவனத்தில் சேர்ப்பதைத் தடை செய்தது. இந்தியாவில் கடலோர இறால் பண்ணைகளில் குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் உள்ளிட்ட மருந்துகள் தடை செய்யப்பட்டுள்ளன. 2019-இல் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்துவதை மத்திய அரசு தடை செய்தது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும், சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் மீன் ஊட்டம், மீன் நலம் தொடர்பான ஆய்வுகளை மேற்கொள்கின்றன.

சேர்க்கைகள் நோயைத் தடுக்க உதவுமே தவிர, வந்த நோயைக் குணப்படுத்துவதில்லை. மீன் பேன் தாக்குதலுக்கோ, அளவுக்கு மீறிய இருப்பு அடர்த்திக்கோ, விடியற்காலை ஆக்சிஜன் குறைவுக்கோ அவை தீர்வாகா. நல்ல நீர், தரமான விரலி, பூசணம் படாத தீவனம் ஆகிய மூன்றும் உறுதியான பின் நான்காவதாக வைக்கத் தக்கவை இவை. பாலாற்றுப் படுகையில் இவ்வரிசையின் முதல் இடத்தை நீர்ப் பரிசோதனையே பெறுகிறது.